யார் வீட்டுப் பெட்டி?

உங்கள் வீட்டில் ஒரு கணினி இருபத்து நான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. மடிக்கணினியையோ மொபைலையோ சொல்லவில்லை. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலோ ஷூ அலமாரிக்கு மேலேயோ தூசி படிந்து, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கிறதே, அந்தப் பெட்டியைச் சொல்கிறேன். அதற்குள் ப்ராசஸர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, பெரும்பாலும் ஒரு லினக்ஸ் இருக்கிறது. நீங்கள் காதலருக்கு அனுப்பும் செய்தி, வங்கிக்குப் போகும் கோரிக்கை, ராத்திரி இரண்டு மணிக்குப் பயந்துபோய்த் தேடிய வியாதியின் பெயர், இந்தக் கட்டுரை எல்லாமே அதன் வழியாகத்தான் போய் வருகின்றன.

அதன் மென்பொருள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? யார் புதுப்பித்தார்கள்? அதன் அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது?

நண்பர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஐடியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவர்கள்கூட "அது லைன்மேன் வந்து மாட்டிட்டுப் போனது, நான் தொட்டதே இல்ல" என்கிறார்கள். தொடாமல் இருந்ததில் ஒரு பெருமைகூடத் தெரிகிறது. ஓடுகிற வண்டியை நோண்டாதே என்பது நம் ஊர் தர்மம்.

அந்தத் தர்மத்தோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் அது நம்முடைய சோம்பலில் விளைந்தது அல்ல. பெட்டியைச் செய்பவர்களும் இணைப்பைத் தருபவர்களும் இருபது வருடங்களாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கியது. பெட்டிக்குக் காசு கொடுப்பது நீங்கள். கரண்ட் கொடுப்பது நீங்கள். அது ஹேக் ஆனால் காலியாகப்போவது உங்கள் கணக்கு. ஆனால் அதற்குள் என்ன ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் உங்களுக்குக் கிடையாது.

ஒரு பெயர், மூன்று மென்பொருள்

ஃபர்ம்வேர் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நிறுவனங்கள் நன்றாக விளையாடுகின்றன. ஒரு டி.எஸ்.எல். ரவுட்டருக்குள் குறைந்தது மூன்று தனித்தனி மென்பொருள்கள் இருக்கின்றன.

அடியில் இருப்பது பூட்லோடர். கரண்ட் வந்ததும் முதலில் கண்விழிக்கும் சிறு நிரல். அடுத்து எதை ஏற்றுவது என்று முடிவு செய்வது இதுதான். கம்பெனி கையொப்பமிட்ட ஃபர்ம்வேரைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்று பூட்டுப் போடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

அதற்கு மேலே இயங்குதளம். வைஃபையின் பெயர், பாஸ்வேர்ட், ஃபயர்வால், எந்த டி.என்.எஸ். சர்வரிடம் போய் விலாசம் கேட்பது, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் வரும் பக்கம் எல்லாம் இதன் பொறுப்பு.

மூன்றாவது, டி.எஸ்.எல். சில்லுக்குள் ஏற்றப்படும் நிரல். தாமிரக் கம்பியோடு நேரடியாகப் பேசுவது இதுதான். குரலுக்காகப் போட்ட கம்பி அது. தொலைபேசிக் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேலே சும்மா கிடந்த அலைவரிசையைக் கூறு போட்டதுதான் டி.எஸ்.எல்.லின் சாமர்த்தியம். ஏ.டி.எஸ்.எல்.2+ என்றால் சுமார் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொன்றும் 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 512 கூறுகள். எந்தக் கூறில் எவ்வளவு இரைச்சல் என்று உங்கள் மோடமும் எக்சேஞ்சில் உள்ள கருவியும் அளந்து பார்த்து, சுத்தமான கூறில் 15 பிட் வரை, இரைச்சலான கூறில் ஒன்றிரண்டு, உருப்படாத கூறில் ஒன்றுமே வேண்டாம் என்று பங்கு பிரித்துக்கொள்ளும். மோடத்தை ஆன் செய்ததும் டி.எஸ்.எல். விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டுகிறதே, அப்போது நடப்பது இந்தப் பேரம்தான். மழைக்குக் கம்பி இணைப்பில் தண்ணீர் இறங்கினால் பேரம் படியாமல் இணைப்பு அறுந்து அறுந்து வரும். அதே கம்பி, அதே எக்சேஞ்ச், சில்லின் நிரலை மட்டும் வேறு பதிப்புக்கு மாற்றினால் லைன் நிலைத்து நிற்பதும் உண்டு.

இந்த மூன்றாவது நிரலின் மூலம் வெளியே வருவதில்லை. ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. போன்ற திறந்த மென்பொருளை டி.எஸ்.எல். பெட்டியில் ஏற்றுகிறவர்கள்கூட இந்த ஒரு துண்டை மட்டும் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரிலிருந்து பிரித்தெடுத்து அப்படியே போட்டுக்கொள்கிறார்கள்.

இவ்வளவு விவரம் சொல்லக் காரணம் இருக்கிறது. "தொடாதே" என்பவர்களிடம் உண்மையிலேயே கனமுள்ள ஒரு வாதம் உண்டு. அது இந்த மூன்றாவது அடுக்கைப் பற்றியது. அதன் முதுகில் மற்ற இரண்டு அடுக்குகளையும் ஏற்றிக் கடத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் புகார்.

வாதம் ஒன்று: நெட்வொர்க் கெட்டுவிடும்

தெருவில் ஒரே உறைக்குள் பத்து, ஐம்பது, நூறு ஜோடிக் கம்பிகள் உரசிக்கொண்டு போகின்றன. ஒன்றின் சமிக்ஞை பக்கத்து ஜோடிக்குள் கசியும். வி.டி.எஸ்.எல்.லில் இந்தக் கசிவைக் கணக்கிட்டுக் கழிக்க வெக்டரிங் என்ற நுட்பம் 2010இல் தரப்படுத்தப்பட்டது. அந்தக் கட்டில் உள்ள எல்லா மோடம்களும் ஒத்துழைத்தால்தான் கணக்கு சரியாக வரும். ஒத்துழைக்காத ஒரு மோடம் அக்கம்பக்கத்தார் வேகத்தையும் கெடுக்கலாம். உண்மை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இது சில்லுக்கும் கம்பிக்கும் இடையிலான விவகாரம். என் வைஃபை பாஸ்வேர்டுக்கும் தெருக் கம்பிக்கும் என்ன சம்பந்தம்? நான் எந்த டி.என்.எஸ். பயன்படுத்துகிறேன் என்பதால் அடுத்த வீட்டுக்காரருக்கு எந்த இரைச்சல் கூடிவிடப்போகிறது?

ஜெர்மனியில் இதே வாதத்தைத்தான் வைத்தார்கள். எங்கள் வலைப்பின்னல் முடிவது சுவரில் உள்ள சாக்கெட்டில் அல்ல, ரவுட்டருக்கு அந்தப் பக்கம். ஆகவே ரவுட்டர் எங்கள் வலைப்பின்னலின் பகுதி என்றார்கள். அங்கே அதற்கு "ரவுட்டர் கட்டாயம்" என்றே ஒரு சொல் உண்டு. 2016 ஆகஸ்ட் 1 முதல் சட்டம் அதைத் தூக்கிப் போட்டது. வலைப்பின்னல் சுவரோடு முடிகிறது. அதற்கு இந்தப் பக்கம் எந்தப் பெட்டி என்பது வீட்டுக்காரர் விருப்பம். இணைப்புக்கு வேண்டிய பயனர் பெயர், பாஸ்வேர்ட் விவரங்களை வாடிக்கையாளர் கேட்காமலேயே நிறுவனம் தர வேண்டும். வெக்டரிங் ஓடும் கம்பிகளோடுதான் ஜெர்மனி இதைச் செய்தது. கம்பிகள் ஒன்றும் உருகிவிடவில்லை.

அமெரிக்காவில் இதே தந்திரம் வேறு வேஷத்தில் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, விமான நிலைய ரேடாருக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. விதி போட்டது. நியாயமான கவலை, ரேடியோ சில்லைப் பற்றிய கவலை. நிறுவனங்களுக்கு ரேடியோவை மட்டும் பூட்டுவதைவிடப் பெட்டியை மொத்தமாகப் பூட்டுவது மலிவு. எதிர்ப்புக் கிளம்பியது. 2016இல் டிபி-லிங்க் நிறுவனத்தோடு எஃப்.சி.சி. செய்துகொண்ட சமரசத்தில் 2,00,000 டாலர் அபராதத்தோடு, திறந்த மென்பொருளுக்கு வழிவிட நிறுவனம் ஒத்துழைக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது.

நமக்கு ஜெர்மன் சட்டமெல்லாம் அப்போது தேவைப்படவே இல்லை. 2005இல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்ததிலிருந்து பல வருஷம் நாம் அந்தச் சுதந்திரத்தோடு வாழ்ந்தோம். அவர்கள் தந்த யுடிஸ்டார்காம் பெட்டி பிடிக்கவில்லையா, ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொன்று வாங்கலாம். பெரும்பாலான ஊர்களில் வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35, பி.பி.பி.ஓ.இ., பயனர் பெயர், பாஸ்வேர்ட். அவ்வளவுதான் ஜாதகம். கடைப் பையனுக்கு இது மனப்பாடம். "அண்ணே, வீட்டுக்குப் போய் இந்த நாலையும் போடுங்க, வந்துரும்" என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருவான். இன்று ஃபைபர் வந்தபின் அந்தப் பையனின் அறிவுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. ஃபைபர் பெட்டியை நிறுவனம் தன் முனையிலிருந்தே நிர்வகிக்கலாம், ஃபர்ம்வேரைக்கூட அனுப்பலாம். பல பெட்டிகளில் நமக்குத் தருவது நான்கைந்து மெனு உள்ள ஒரு சவலைக் கணக்கு. முழு அதிகாரமுள்ள கணக்கின் பாஸ்வேர்ட் நமக்குத் தெரியாது. வேகம் ஐம்பது மடங்கு ஏறியிருக்கிறது, உரிமை மட்டும் இறங்கிவிட்டது.

வாதம் இரண்டு: பாதுகாப்பு

அடுத்து வருவது பிரம்மாஸ்திரம். "நீங்க எதையாவது மாத்திட்டு வைரஸ் வந்தா? எங்ககிட்ட விட்டுடுங்க, நாங்க பாத்துக்கறோம்." பார்த்துக்கொண்ட லட்சணத்தைப் பார்ப்போம்.

ராம்பேஜர் என்று ஒரு குட்டி வெப் சர்வர் மென்பொருள். ஏராளமான மோடம்களின் நிர்வாகப் பக்கத்தைத் தருவது அதுதான். அதில் ஒரு ஓட்டை. எழுதிய நிறுவனம் 2005இலேயே அதை அடைத்துவிட்டது. 2014 டிசம்பரில் செக் பாயின்ட் ஆய்வாளர்கள் இணையத்தை அலசிப் பார்த்தபோது, அடைக்கப்படாத பழைய பதிப்போடு குறைந்தது 1.2 கோடிப் பெட்டிகள் உலகெங்கும் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தன. மருந்து கண்டுபிடித்து ஒன்பது வருஷம். நோயாளியிடம் வந்து சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பதைத் துறைக்குள் இருக்கிறவனாகச் சொல்கிறேன். ஃபர்ம்வேர் ஒரு கைமாற்றுப் பண்டம். சில்லு தயாரிப்பவர் ஒரு மென்பொருள் மூட்டையைக் கொடுப்பார். பெட்டி செய்யும் தொழிற்சாலை அதை வாங்கித் தன் பங்குக்கு ஒட்டுப் போடும். இணைப்பு தரும் நிறுவனம் தன் லோகோவை ஒட்டி, தன் அமைப்புகளைத் திணித்து வீட்டுக்கு அனுப்பும். அடியில் ஓட்டை அடைபட்டால் அது மேலே ஏறி வர மூன்று பேர் மூன்று முறை வேலை செய்ய வேண்டும். மூவருக்குமே அதில் ஒரு பைசா வருமானம் கிடையாது. அதற்குள் அந்த மாடலின் விற்பனையும் முடிந்திருக்கும், அதை எழுதிய பொறியாளர்களை வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றியிருப்பார்கள். யாரும் சதி செய்யவில்லை. யாருடைய வேலைப்பட்டியலிலும் அது இல்லை, அவ்வளவுதான்.

பிரேசிலில் 2011ஐ ஒட்டி நடந்தது இதைவிட அப்பட்டம். குறிப்பிட்ட சில்லு கொண்ட டி.எஸ்.எல். மோடம்களின் ஓட்டை வழியே நுழைந்து டி.என்.எஸ். முகவரியை மட்டும் மாற்றினார்கள். 45 லட்சம் மோடம்கள். வங்கியின் பெயரைச் சரியாகத்தான் அடிப்பீர்கள். போய்ச் சேருவது திருடன் வீட்டு வாசல். கணினியில் எந்த ஆன்ட்டிவைரஸ் இருந்தும் பயனில்லை. கெட்டுப்போனது கணினி அல்லவே.

நம் ஊருக்கு வருவோம். 2017 ஜூலை கடைசியில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 60,000க்கும் மேல் என்று அன்றைய செய்திகள் கூறின. பிரிக்கர்பாட் என்ற நிரலை எழுதியவர் அது தன் வேலை என்று சொல்லிக்கொண்டார். பாதுகாப்பில்லாத பெட்டிகள் தீயவர்கள் கையில் சிக்குமுன் நானே கொன்றுவிடுகிறேன் என்பது அவர் சித்தாந்தம். அதன்பின் வாடிக்கையாளர்களுக்கு வந்த அறிவுரை: பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள். அட்மின், அட்மின் என்று வைத்துத் தந்தது யார்? வெளி உலகத்திலிருந்து மோடத்தின் நிர்வாகக் கதவைத் தட்ட முடிகிற நிலையில் வலைப்பின்னலை விட்டு வைத்தது யார்? பெட்டி பாதுகாப்பாக இருக்கும்வரை அது கம்பெனியின் சொத்து. செத்த மறுநாள் "உங்கள் பாஸ்வேர்டை நீங்கள் மாற்றியிருக்க வேண்டும்."

2023 அக்டோபர் 25 முதல் 27 வரை, அமெரிக்காவில் ஒரே இணைய நிறுவனத்தின் 6,00,000க்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் 72 மணி நேரத்துக்குள் நிரந்தரமாகச் செயலிழந்தன. ஃபர்ம்வேரையே நாசமாக்கியிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிப்போட்டு வேறு பெட்டி தருவதைத் தவிர வழியில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பலர் ஒதுக்குப்புறக் கிராமங்களில் இருப்பவர்கள், வேறு இணைப்புக்கு வாய்ப்பில்லாதவர்கள். 2024 மே மாதம் லூமென் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை அறிக்கையாக வெளியிடும்வரை பெரும்பாலோருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அறிக்கையிலும் அந்த இணைய நிறுவனத்தின் பெயர் இல்லை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். 2016 நவம்பர் 27 அன்று ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் முடங்கின. நிறுவனங்கள் தொலைவிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்க டி.ஆர்.-069 என்று ஒரு நெறிமுறை 2004 முதல் இருக்கிறது. அதற்கான 7547 என்ற கதவை மிராய் நிரலின் ஒரு திரிபு தட்டத் தொடங்கியது. அந்த ரவுட்டர்களுக்குள் அதனால் நுழைய முடியவில்லை. தட்டிய தட்டலிலேயே அவை சுருண்டு விழுந்தன. டெலிகாம் சீக்கிரமே திருத்திய ஃபர்ம்வேரைத் தந்தது. பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்றது. பெரும்பாலோருக்கு இரண்டொரு நாளில் சரியானது. 9 லட்சம் பேரும் தாங்களே தேடிப்பிடித்து அப்டேட் செய்ய வேண்டியிருந்தால் இது நடந்திருக்காது. தொலைவழிப் புதுப்பிப்பு உயிர்காக்கும் வசதி. அதை ஒழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அன்று கோளாறு உள்ளே வந்ததும் அந்த வசதிக்காகத் திறந்து வைத்த கதவு வழியாகத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கம்பெனியிடம் ஒரு சாவி இருக்கட்டும். இன்னொன்று என்னிடமும் இருக்க வேண்டும், கதவு எப்போது திறக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

வாதம் மூன்று: சாமானியனுக்கு எதுக்கு?

போன வருஷம் தூத்துக்குடிப் பக்கம் ஓர் உறவினர் வீட்டில் டி.என்.எஸ். மாற்ற வேண்டியிருந்தது. பெட்டிக்கு அவர்கள் காசு கொடுத்த பில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எந்த நிறுவனமாக இருந்தாலும் இதே உரையாடல்தான்.

"சார், அட்மின் பாஸ்வேர்ட் வேணும்."

"அது கஸ்டமருக்குத் தர மாட்டாங்க சார்."

"டி.என்.எஸ். மாத்தணும்ங்க."

"எதுக்கு சார்? நெட் வருதுல்ல?"

நெட் வருதுல்ல. இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் மொத்தத் தத்துவமும் இந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடுகிறது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கும் அந்தப் பாஸ்வேர்ட் தெரியாது.

சாமானியனுக்கு ஃபர்ம்வேர் எதற்கு என்று கேட்பவர்கள் உரிமையைத் திறமையோடு குழப்புகிறார்கள். எனக்கு என் பைக்கின் கார்ப்பரேட்டரைப் பிரிக்கத் தெரியாது. ஆனால் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டால் அவர் பிரிப்பார். ஷோரூம் மட்டும்தான் பிரிக்கலாம் என்று பானட்டுக்கு வெல்டிங் வைத்து வண்டி விற்றால் வாங்குவோமா? எல்லாரும் ஃபர்ம்வேர் எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எழுதத் தெரிந்த ஒருவரிடம், எனக்குப் பிடித்த ஒருவரிடம், பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க முடிய வேண்டும். அவ்வளவே.

அப்படி முடிந்தபோது என்ன நடந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 2002 கடைசியில் லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்று ஒரு நீல-கறுப்பு ரவுட்டர் வந்தது. அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது, ஆனால் ஜி.பி.எல். உரிமம் கோருகிறபடி மூலநிரலைத் தரவில்லை என்பதை 2003 ஜூனில் லினக்ஸ் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். நெருக்கடி முற்றி அந்த ஆண்டே நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து முளைத்ததுதான் 2004இல் தொடங்கிய ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. நிறுவனம் செய்த அடுத்த காரியம்தான் வேடிக்கை. 2005இல் அதே மாடலின் புதிய பதிப்பில் மெமரியைக் குறைத்து, லினக்ஸை எடுத்துவிட்டு வேறு இயங்குதளம் போட்டது. பழையதை எல் என்று ஒரு எழுத்தைச் சேர்த்துத் தனியாக விற்றது. அந்த எல் பல வருஷம் விற்றுத் தள்ளியது.

அந்தத் திறந்த மென்பொருளில் பிறந்த ஒரு நன்மை உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். ஒருவர் போட்டோக்களை மேகக்கணிக்கு ஏற்றுகிறார், அதே நேரம் இன்னொருவரின் வீடியோ கால் உடைந்து உடைந்து போகிறது. ஸ்பீட் பத்தவில்லை என்று நினைத்து மேல் பிளானுக்குப் போகிறீர்கள். அதுவும் உடைகிறது. கோளாறு வேகத்தில் இல்லை, வரிசையில். ரவுட்டரில் அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் வரிசை தேவைக்கு மேல் நீளம். போட்டோக்களின் பின்னால் உங்கள் குரல் ரேஷன் கடைக் க்யூவில் நிற்பதுபோல நிற்கிறது. ஜிம் கெட்டிஸ் 2010ஐ ஒட்டி இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் சூட்டினார். 2012இல் கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வைத் தந்தார்கள். டேவ் டாட் போன்றவர்கள் அதைத் திறந்த ரவுட்டர்களில் ஏற்றி, ஓட்டி, அடித்துத் திருத்தினார்கள். உங்கள் ரவுட்டரில் எஸ்.க்யூ.எம். என்ற வசதி இருந்தால், லைனின் உண்மையான வேகத்தில் 85, 90 சதவீதத்தை வரம்பாக வைத்துப் பாருங்கள். பழைய டி.எஸ்.எல். லைனில்கூடக் கால் உடையாமல் போகும். கூடுதல் பிளானுக்குக் காசு வாங்குபவர்களுக்கு இதை உங்களிடம் சொல்ல என்ன அவசியம் வந்தது?

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. இன்று பெரிய சில்லு நிறுவனங்கள் சில, ரவுட்டர் செய்பவர்களுக்குத் தரும் மென்பொருள் மூட்டையே ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யை அடித்தளமாகக் கொண்டது. தன்னார்வலர்கள் உழைத்துச் செய்ததை எடுத்து, மேலே தன் லோகோ உள்ள பக்கத்தை ஒட்டி, பூட்லோடரைப் பூட்டி, நமக்கே விற்கிறார்கள். அப்புறம் "நீங்க தொடாதீங்க சார், ரிஸ்க்."

என்ன வேண்டும்?

நான்கு கோரிக்கைகள். எதுவும் வானத்தை வில்லாக வளைக்கும் காரியம் இல்லை.

முதலாவது, பெட்டியின் அட்டையில் காலாவதித் தேதி. பிஸ்கட் பாக்கெட்டுக்கு இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம், எந்த வருஷம் வரை வரும் என்று அச்சிட வேண்டும். அட்டையில் இல்லாவிட்டாலும், இந்தக் காலத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்து விற்பதற்கும் அங்கே அன்றிலிருந்து தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் நடைமுறைக்கு வருகின்றன. அதில் ஆதரவுக் காலம் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகள். அதே தொழிற்சாலைகள்தான் நமக்கும் பெட்டி செய்கின்றன. அங்கே முடிவது இங்கே முடியாதா?

இரண்டாவது, கேட்பவருக்கு முழு அட்மின் சாவி. "இனி மென்பொருள் கோளாறுக்கு நான் பொறுப்பு" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மூன்றாவது, ஃபைபரோ தாமிரமோ, வலைப்பின்னல் சுவரோடு முடிய வேண்டும். அல்லது குறைந்தபட்சம் உங்கள் பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டு, பின்னால் என் ரவுட்டரை வைத்துக்கொள்ள வழிவிட வேண்டும்.

நான்காவது, நீங்கள் கைவிட்ட பெட்டியை எங்களிடம் விட்டுவிட வேண்டும். அப்டேட்டை நிறுத்தும் நாளில் பூட்லோடரைத் திறக்கவும், ஜி.பி.எல். மென்பொருளின் மூலநிரலை அதைத் திரும்ப நிறுவத் தேவையான ஸ்கிரிப்டுகளோடு தரவும் வேண்டும். ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் செய்யும் ஏ.வி.எம். மீது ஒரு தனிமனிதர் இதற்காகவே வழக்குப் போட்டார். விடுபட்ட ஸ்கிரிப்டுகளை நிறுவனம் தந்தது, வழக்குச் செலவையும் ஏற்றது. 2025 தொடக்கத்தில் இது வெளியே தெரியவந்தது. உரிமத்திலேயே உள்ள உரிமை. கேட்டால் கிடைக்கிறது. நல்ல நிலையில் உள்ள பெட்டி மென்பொருள் செத்ததால் பழைய இரும்புக் கடைக்குப் போகும் கேவலமும் குறையும்.

இதையெல்லாம் ஏன் இலக்கியப் பத்திரிகையில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். கண்காணிப்பு முதலாளித்துவம், அல்காரிதம், தரவுக் காலனியம் என்று இங்கே எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறோம். எல்லாம் எங்கோ கலிஃபோர்னியாவில் நடக்கும் அநியாயம். அதே அதிகாரம் வீட்டு ஹாலில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்க்காமல் தரவுச் சுதந்திரம் பேசுவது, வீட்டு வாசலில் குப்பையை விட்டுவிட்டு கங்கையைச் சுத்தம் செய்யக் கிளம்புவது மாதிரி.

ஆகவே இன்று ராத்திரி ஒரு அரை மணி நேரம். பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். அதில் உள்ள முகவரியைப் பிரவுசரில் அடியுங்கள். பாஸ்வேர்ட் இன்னும் அட்மின்தான் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் என்று இருப்பது வெளி உலகுக்குத் திறந்திருந்தால் மூடுங்கள். டி.என்.எஸ். முகவரி என்ன என்று பார்த்து, அது யாருடையது என்று தேடுங்கள். ஃபர்ம்வேர் பதிப்பின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியது இருந்தால் மாடல் எண்ணோடு ஹார்டுவேர் வெர்ஷனையும் ஒப்பிட்டபின்பே ஏற்றுங்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு சில்லு இருப்பது சகஜம். ஏற்றும்போது கரண்ட் போகக்கூடாது. நம் ஊரில் யு.பி.எஸ். இல்லாமல் செய்யாதீர்கள். பெட்டி அட்மின் பக்கத்தையே காட்ட மறுத்தால், சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் மாட்டி, வீட்டுக் கருவிகளை எல்லாம் அதில் இணையுங்கள்.

நாளைக்குக் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பெட்டிக்கு எந்த வருஷம் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும்?" அவர்களிடம் உள்ள தாளில் இதற்குப் பதில் இருக்காது. மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்வார்கள். டிக்கெட் நம்பரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுங்கள். பத்தாயிரம் பேர் கேட்டால் அந்தத் தாளில் ஒரு வரி கூடும். நெட் வருதுல்ல என்று திருப்பிக் கேட்டால், வருது, நான் கேட்டது அதை இல்லை என்று சொல்லுங்கள்.